தோலுக்கு வந்த வாழ்வு

தோலுக்கு இப்படி ஒரு வாழ்வு வரும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்ததில்லை. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் எழுபதுகளில் வளர்ந்தவன் நான். அன்று தோல் என்பது வாழைப்பழத்துக்கு இருந்தது, ஆட்டுக்கு இருந்தது. மனிதத் தோலைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தால் யாருக்கோ சிரங்கு என்று அர்த்தம். முகத்துக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே இருக்கும் அரை அங்குலத்துக்குத் தனியாக ஒன்று என்று, ஒரே தோலுக்குச் சர்வே நம்பர் போட்டுத் தனித்தனிப் பட்டா கொடுப்பார்கள் என யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் வைத்தியரிடம் கூட்டிப்போயிருப்பார்கள்.

இன்று சென்னையில் எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் மூன்று தட்டுகள். மேல்தட்டு முழுக்க என் மகளின் முகம். நடுத்தட்டு அவள் உடம்பு. கீழ்த்தட்டில் நானும் என் மனைவியும். அதாவது ஒரு சோப்பு டப்பா, ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில். மேலே இருப்பவற்றில் எது எதற்கு என்று தெரிந்துவைத்துக்கொள்வது ஒரு தகப்பனுக்கு நல்லதல்லவா? விசாரித்தேன்.

"இது கிளென்சர், இது டோனர், இது சீரம், இது மாய்ஸ்சரைசர். அது நைட் கிரீம்பா, பகல்ல போடக்கூடாது."

"போட்டா?"

"வேஸ்ட்பா."

நடுத்தட்டிலிருந்த கனமான கண்ணாடி ஜாடியை எடுத்துப் பார்த்தேன். பாடி பட்டர். 200 கிராம், 2,600 ரூபாய். "சாப்பிடுற வெண்ணெயே இந்த விலை இல்லையே" என்று என் மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள். மகள் பதில் பேசவில்லை. பதில் பேசாமல் இருப்பதும் ஒரு ஸ்கின்கேர்தான். நெற்றியில் சுருக்கம் விழாது.

எங்கள் ஊரில் மார்கழி வாடை அடிக்க ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லோருக்கும் கால் சாம்பல் பூத்துவிடும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் காலில் எழுதுவோம். நான் எம்.ஜி.ஆர். என்று எழுதுவேன். பக்கத்தில் இருப்பவன் சிவாஜி என்று எழுதுவான். வாத்தியார் திரும்பும்போது எச்சிலைத் தொட்டு அழித்துவிட வேண்டும். எச்சில் பட்ட இடம் மட்டும் உடனே கறுத்துப் பளபளக்கும். வறண்ட தோலுக்கு வேண்டியது தண்ணீர் என்ற உண்மை எங்களுக்குக் கண்கூடாகத் தெரிந்திருந்தது. அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பத்தான் தெரியவில்லை.

எழுதி அனுப்பியவர் அமெரிக்காவில் இருந்தார். இர்வின் பிளாங்க் என்று பெயர். உலர்ந்துபோன காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறவைத்துப் பார்த்தார். அது விறைத்தபடியே கிடந்தது. தண்ணீர் கொடுத்தபோது வளைந்துகொடுத்தது. 1952இல் அவர் சொன்னது இவ்வளவுதான்: தோலை மிருதுவாக வைத்திருப்பது அதிலுள்ள நீர், எண்ணெய்க்கு வேலை அந்த நீரை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஜாடிகளும் குப்பிகளும் இந்த ஒரு வரிக்கு எழுதப்பட்ட உரைகள். மூலத்தை விட உரை விலை கூடியது, அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சி பிளாங்கைப் படித்தவள் அல்ல. எழுத்தே தெரியாது. ஆனால் குளித்துவிட்டு ஈரம் சொட்ட வரும் பேரனைத் துண்டு எடுக்க விடமாட்டாள்.

"ஏல, மேலு பூரா பொரிஞ்சு போயிக் கெடக்கு. வால இங்க."

உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய். ஈரக் காலில், ஈரக் கையில், முதுகில், காதுக்குப் பின்னால். மாட்டைக் குளிப்பாட்டுகிற அதே கை, அதே வேகம். எண்ணெய் வாங்கப் போகும் தூக்குச்சட்டியும் வீட்டுக்கே பொது. சமையலுக்கு இவ்வளவு, சருமத்துக்கு இவ்வளவு என்ற கணக்கெல்லாம் கிடையாது. பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும். உதட்டு வெடிப்புக்கு மோர் கடைகிற நாளில் கொஞ்சம் வெண்ணெய். பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் புழுதி முழுக்க எங்கள் மேல்தான் ஒட்டும். சட்டைக் காலர் பிசுக்கேறும். வகுப்பறையில் நாற்பது தேங்காய் எண்ணெய்த் தலைகளும் உடம்புகளும் மத்தியான வெயிலில் வேகிற வாடை இருக்கிறதே, அதை அழகுசாதன விளம்பரத்தில் காட்ட முடியாது. அதைச் சகித்துக்கொண்டால் காலில் எம்.ஜி.ஆர். எழுத முடியாமல் போகும் என்பதும் உண்மை. தோல் சரியாகிவிடும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தனிக்கதை. நல்லெண்ணெயில் ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் உச்சியில் வைத்து அறைவார்கள். கோவணத்தோடு வெயிலில் நிறுத்திவைப்பார்கள். பிறகு சீயக்காய். கண்ணுக்குள் சீயக்காய் போகாமல் குளித்து எழுந்தவன் எங்கள் தெருவில் யாரும் இல்லை. மத்தியானம் தூங்கக்கூடாது என்று காவல் வேறு. யோசித்துப் பார்த்தால், தேய்த்த எண்ணெயில் பெரும்பங்கைச் சீயக்காய் கொண்டுபோய்விடுகிறது. உடம்புக்கு மிஞ்சியது கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் அழுகையும். தோலுக்கு உண்மையில் உதவியது வார நாட்களில் ஈரத்தின் மேல் பூசிய அந்த உள்ளங்கை எண்ணெய்தான். அதற்குத்தான் யாரும் பண்டிகை கொண்டாடவில்லை.

அந்தக் காலத்திலும் விலை கூடிய பொருள் இருந்தது. அதற்கு ஸ்னோ என்று பெயர். ஹேசலின் ஸ்னோ, ஆப்கன் ஸ்னோ. பனியையே பார்த்திராத கரிசல் காட்டில் முகத்தில் பனி பூசிக்கொண்டோம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது விரல் நுனியால் தொட்டு, நெற்றியில் ஒரு புள்ளி, கன்னங்களில் ஒவ்வொரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி. ஒரு பாட்டில் ரெண்டு மூன்று பேருடைய திருமணம் வரை வரும்.

சலூனில்தான் ஸ்னோவைத் தாராளமாகப் பார்க்கலாம். சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியால் முகமெல்லாம் ஒரு தேய்ப்பு. எரிகிறது என்று முகம் சுளிப்பதற்குள் ஸ்னோ. அதன்மேல் பவுடர். சலூனிலிருந்து வெளியே வருகிற ஆளின் முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக இருக்கும். பெண் பார்க்கப் போகிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஸ்னோவின் சூட்சுமம் எளிது. ஸ்டீரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், நிறையத் தண்ணீர், கொஞ்சம் காரம், கொஞ்சம் கிளிசரின். பூசியதும் தண்ணீர் ஆவியாகிப் போக, மெல்லிய வெண்படலம் மட்டும் நிற்கும். பவுடரைப் பிடித்துவைத்துக்கொள்ள அது போதும். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான் போதாது. ஆக, வறண்டு கிடந்த காலுக்கு மலிவான எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. வறளாத முகத்துக்கு விலை கூடிய ஸ்னோ சிக்கனமாகக் கிடைத்தது. கால் தேறியது. முகம் நம்பிக்கையோடு இருந்தது.

நம்பிக்கை என்றதும் சிவப்பழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. கொஞ்ச நாளில் அந்தச் சாயலில் எத்தனையோ ட்யூப்கள் பெட்டிக்கடை வரை தொங்கின. எங்கள் அக்கா மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா ஏதோ ஒரு ட்யூபை வாங்கி ராத்திரி ராத்திரி பூசினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். கடிதம் வந்த பாடில்லை. பிறகு ஒருவர் கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கட்டிக்கொண்டார், நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். தொழிலும் நன்றாகத்தான் வாழ்ந்தது. கடலூரில் சின்னிகிருஷ்ணன் காட்டிய வழியில் ஷாம்பு பாக்கெட்டுக்குள் அடங்கி எல்லா வீட்டுக்கும் போனது. அதே குடும்பத்திலிருந்து வந்த கெவின்கேர் 1998இல் குங்குமப்பூவைச் சொல்லி ஃபேர்எவர் கொண்டுவந்தது. 2020இல் உலகமே நிறத்தைப் பற்றிப் பேசியபோது ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. இப்போது யாரும் சிவப்பாக ஆகச் சொல்வதில்லை, ஒளிரத்தான் சொல்கிறார்கள். கேசரி சாப்பிட வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எட்டியதா என்று விசாரிக்க வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு சிங்கப்பூர்க்காரர் இருந்தார். ஊருக்கு வரும்போது கோடாலித் தைலமும் நீல நிறத் தகர டப்பாவில் நிவியா கிரீமும் கொண்டுவருவார். அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். அதில் என்ன இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். 1911இல் ஹாம்பர்க் நகரில் அந்தக் கிரீமைச் செய்தபோது, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கட்டிவைக்க அவர்களுக்கு உதவியது ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுத்த ஒரு பொருள். அதற்கும் கொஞ்சம் முன்னால், போலந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஹெலனா ரூபின்ஸ்டைன் என்ற பெண்மணி, செம்மறி ரோமக் கொழுப்பில் வாசனை சேர்த்துக் கிரீம் செய்து, கார்பாத்திய மலை மூலிகை என்று சொல்லி மெல்போர்னில் விற்றார். உலகத்துப் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராகத்தான் கண்ணை மூடினார். எங்கள் ஊரில் ஆடும் இருந்தது, ரோமமும் இருந்தது, கொழுப்புக்கும் குறைவில்லை. பக்கத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள குருமலைதான் இருந்தது. அந்தப் பெயரில் விலை ஏறாது.

சரி, ஜாடிக்கு வருவோம். தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் என்று ஆராய்ச்சியாளர்களே உவமை சொல்கிறார்கள். செத்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த பூச்சு சாந்து. வாடையோ, ஏசியோ, சோப்போ, வயதோ சாந்தை அரித்துவிட்டால் உள்ளே உள்ள நீர் கசிந்துவிடும். மாய்ஸ்சரைசர் எந்த விலையில் இருந்தாலும் செய்யக்கூடியது மூன்று வேலை. கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடிக்கும். சில எண்ணெய்கள் சந்துகளை நிரப்பி வழவழப்பாக்கும். வாசலின் போன்றவை மேலே மூடி போட்டு ஆவியாவதைத் தடுக்கும். இதில் வாசலினை மிஞ்ச இன்னும் ஆள் பிறக்கவில்லை. நீர் இழப்பை 98 சதவீதம் வரை தடுக்கும் என்று தோல் மருத்துவப் பாடங்கள் சொல்கின்றன. கிளிசரினை எங்கள் ஊர் மருந்துக்கடை அண்ணாச்சி சின்னப் பாட்டிலில் விற்பார். அதில் பன்னீர் கலந்து பூசச் சொல்லி வார இதழ்களின் அழகுக் குறிப்பில் வாராவாரம் எழுதுவார்கள். இன்று அதே கிளிசரின் பெரும்பாலான விலை கூடிய ஜாடிகளிலும் முதல் நாலைந்து பெயர்களுக்குள் நிற்கிறது.

மகளின் ஜாடியிலும் நின்றது. செராமைடும் இருந்தது. நல்ல பொருள்தான், பழி சொல்ல முடியாது. பிரச்சினை வேறிடத்தில்.

டாக்டர்கள் பூச்சு மருந்துக்கு விரல்நுனி அளவு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆட்காட்டி விரலின் கடைசிக் கணுவிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். வளர்ந்த ஆளின் உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 40 விரல்நுனி, அதாவது 20 கிராம். மகளின் ஜாடியில் கிராம் 13 ரூபாய். ஒரு குளியலுக்கு 260 ரூபாய். தினம் ஒரு வேளை என்றாலும் பத்தாவது நாள் ஜாடி காலி. மாதம் 7,800 ரூபாய். என் அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1975இல் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் இந்த வெண்ணெயை ஒன்றரை நாள் பூசியிருக்கலாம்.

ஆனால் அந்த ஜாடி பொங்கலுக்கு வாங்கியது. ஆடி பிறந்தும் பாதிக்கு மேல் இருந்தது.

எப்படி? கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிந்தது. நகக்கண்ணால் ஒரு துளி எடுத்து முழங்கையில். இன்னொரு துளி காலில். பிறகு ஜாடியை மூடி, துடைத்து, நடுத்தட்டில் வைத்துவிடுவாள். அம்மாவின் டிரங்குப் பெட்டி ஸ்னோ அப்படியே திரும்பி வந்திருக்கிறது. விலை ஏற ஏறக் கை சுருங்குகிறது. கை சுருங்கினால் பூச்சுக்கு வேலையே இல்லை. அது அளவில்தான் வேலை செய்யும். 2,600 ரூபாய் ஜாடியைத் துளித்துளியாகப் பூசுகிற காலைவிட, முந்நூறு ரூபாய் டப்பாவை அள்ளிப் பூசுகிற கால் நன்றாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாதென்றால், வறண்ட படை உள்ள பெரியவர்களுக்கு வாரம் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை பூசச் சொல்லும் தோல் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரைக் கிலோ! ஆச்சியின் உள்ளங்கை நினைவுக்கு வருகிறதா?

மற்றதெல்லாம் பெயர் வரிசை. கொலாஜன் கிரீம் என்று ஒன்று வருகிறது. கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறக்குறைய மூன்று லட்சம் டால்டன். 500 டால்டனுக்கு மேற்பட்டது தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம் என்று 2000ஆம் ஆண்டில் ரெண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனைக்கு அங்கே வழியில்லை. வாசலில் நின்று கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வேலையை கிளிசரின் காலணாவுக்குச் செய்யும். விளம்பரக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் "சுருக்கத்தைப் போக்கும்" என்று எழுதாமல் "சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கும்" என்று எழுதுகிறார்கள். நம் நாட்டு 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அழகுசாதனம் என்பது சுத்தம் செய்ய, அழகுபடுத்த, தோற்றத்தை மாற்ற. உடம்பின் இயக்கத்தையே மாற்றுவதாகச் சொன்னால் அது மருந்து. மருந்துக்குச் சோதனை, அனுமதி, உரிமம். வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதில் கவிஞர்களுக்கு அடுத்தபடியாக இவர்களைச் சொல்லலாம்.

உலகத்தின் பேர்போன விலை உயர்ந்த கிரீம்களில் ஒன்று க்ரீம் டி லா மெர். மாக்ஸ் ஹூபர் என்ற விஞ்ஞானி தன் முகத்துத் தீக்காயத்துக்காகக் கண்டுபிடித்தது என்பது நிறுவனம் சொல்லும் கதை. பட்டியலைப் பார்த்தால் கடற்பாசிச் சாறு முதலில், அடுத்து மினரல் ஆயில், பெட்ரோலேட்டம், கிளிசரின். அதாவது குழந்தைக்குத் தடவும் எண்ணெய், வாசலின், மருந்துக்கடை அண்ணாச்சியின் பாட்டில். பாசியைப் புளிக்கவைக்கும் விதத்தில்தான் மகிமை என்கிறார்கள். இருக்கலாம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சுருக்க நிவாரணக் கிரீம்கள் பலவற்றைப் பன்னிரண்டு வாரம் பூசவைத்துச் சோதித்து, முடிவை 2007 தொடக்கத்தில் வெளியிட்டது. விலைக்கும் பலனுக்கும் தொடர்பே தெரியவில்லை. ரொம்ப நன்றாகச் செயல்பட்டதும் சுருக்கத்தின் ஆழத்தைப் பத்து சதவீதம்கூடக் குறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அழகு.

அதற்காக ஆச்சி சொன்னதெல்லாம் வேதம் என்று கிளம்பிவிடக்கூடாது. இந்த இடத்தில் எனக்கு இன்னொரு கோஷ்டி மீது கோபம். நலங்கு மாவு, குளியல் பொடி என்று எங்கள் வீட்டு உரலில் இடித்த பயத்தம்பயறும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் ஆவாரம்பூவும் இப்போது மூங்கில் மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் நூறு கிராம் அறுநூறு ரூபாய்க்கு வருகின்றன. பாரம்பரியம் என்று எழுதினால் எடை குறைந்து விலை கூடும் போலிருக்கிறது. பயத்தமாவு அழுக்கு எடுக்கும், உண்மை. வறண்ட தோலை இன்னும் கொஞ்சம் வறட்டும், அதுவும் உண்மை. முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். அழகுக் குறிப்பு எழுதியவர்கள் அதைச் சொல்லவில்லை. எண்ணெய் என்றால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய் மிதமான வறட்சிக்கு மினரல் ஆயிலுக்கு நிகராக வேலை செய்தது என்று பிலிப்பைன்ஸில் 2004இல் செய்த சிறு ஆய்வு சொன்னது, ஆச்சி தப்பித்தாள். ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் தேய்க்கிற பணக்காரப் பாட்டிகள் கவனிக்கவும்.

மலிவும் எப்போதும் சாது அல்ல. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கி, நிறம் கூட்ட முகத்தில் பூசும் ஸ்டீராய்டு ட்யூப்கள் இந்த நாட்டில் எத்தனை முகங்களைக் கெடுத்தன என்று தோல் மருத்துவர்கள் புலம்பித் தீர்த்த பிறகு, 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கியது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் பூசிய சிவப்பழகுக் கிரீமில் பாதரசம் இருந்தது தெரியவந்தது. முகம் வெளுக்கச் சிறுநீரகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உற்பத்தியாளர் பெயர், தேதி, உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பா இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

காசு போட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு என்றால் அது சன்ஸ்க்ரீன். எங்கள் காலத்தில் அது இல்லை, குடை இருந்தது. ஆம்பளை குடை பிடித்தால் சிரிப்பார்கள் என்று அதையும் பிடிக்கவில்லை. அதன் பலனை இப்போது என் கழுத்திலும் முன்கையிலும் பார்க்கலாம். சட்டை மூடிய தோள் மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது. ஆனால் சன்ஸ்க்ரீனுக்கும் அதே விதிதான். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் பூசிச் சோதித்து எடுத்தது. பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொண்டால் அந்த எண் கிடைக்காது. இரண்டாயிரம் ரூபாய் சன்ஸ்க்ரீனைச் சிக்கனமாகப் பூசுவதற்குப் பதில், நானூறு ரூபாயுடையதை அள்ளிப் பூசலாம். சுருக்கத்துக்கு ஆய்வில் நின்றது ட்ரெட்டினாயின். அதுவும் மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்தான். ஆனால் டாக்டர் எழுதித்தர வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆகவே ஆகாது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க சொல்றது எல்லாம் கரெக்ட். ஆனா ஆபீஸ்ல இருந்து வந்து அதைத் திறந்தா ஒரு வாசனை வருது பாருங்க. அதுக்குத்தான்பா."

நியாயம்தான். எதிர்வீட்டு நீல டப்பாவை முகர வரிசையில் நின்றவன் மறுத்துப் பேச முடியாது. வாசனைக்கு 2,600 ரூபாய் கொடுப்பது அவள் சம்பளம், அவள் சந்தோஷம். சினிமாவுக்குக் கொடுப்பதில்லையா? பாப்கார்னுக்கே கொடுக்கிறோம். ஆனால் வாசனைக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். தோலின் கணக்கில் எழுத வேண்டாம். இன்னொன்று, தோல் வறண்டு அரிக்கிறவர்களுக்கு அந்த வாசனையே ஆகாது. அவர்கள் மணமில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும், அது பெரும்பாலும் விலை குறைந்ததாகவே இருக்கும்.

இப்போது நடுத்தட்டில் ஜாடிக்குப் பக்கத்தில் அரைக் கிலோ டப்பா ஒன்று வந்திருக்கிறது. மணம் கிடையாது, அழகு கிடையாது, மூடி ஒழுங்காகத் திருகாது. குளித்து ஈரம் காய்வதற்குள் அவளும் பூசுகிறாள், நாங்களும் பூசுகிறோம். சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தீர வேண்டும்.

வாங்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால்: பத்து நாளில் ஒரு ஜாடியைத் தீர்க்கிற வசதியும் மனசும் இருந்தால் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். இல்லையென்றால், விலையைக் கேட்டுக் கை சுருங்காத ஒன்றை வாங்குங்கள். வாசலினும் போதும். பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்காரர்கள் வெட்டுக்காயத்துக்குத் தடவிய கசடைப் பார்த்து, அதைச் சுத்தப்படுத்தி, 1872இல் காப்புரிமை வாங்கிய ராபர்ட் செஸ்பரோ தினம் ஒரு கரண்டி வாசலினைச் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டார். 96 வயதுவரை இருந்தார். நீங்கள் சாப்பிட வேண்டாம், பூசினால் போதும்.